இழுத்துப் போகும் கேரவனா, மோட்டார்ஹோமா?

வெப்பமண்டலக் கடற்கரையில் காலையில் வெயில் கொளுத்தும், மதியம் மழை கொட்டித் தீர்க்கும். அங்கே வண்டியிலேயே தங்கிப் பயணம் செய்ய, காரின் பின்னால் இழுக்கும் கேரவன் நல்லதா, எஞ்சினோடு ஒரே வண்டியாக வரும் மோட்டார்ஹோம் நல்லதா?

தினமும் வானத்தைப் பார்த்து இடம் மாற்றுபவர் என்றால் மோட்டார்ஹோம்தான் என்பேன். காரணம் காற்று. பலத்த பக்கக் காற்றில் கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கும். கனமான சாமான்கள் பின்பக்கம் இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். அவற்றைச் சக்கர அச்சுக்கு மேலே, தாழ்வாக வையுங்கள். ஆடும்போது கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். மோட்டார்ஹோமையும் காற்று தள்ளும்தான், ஆனால் இந்த ஆட்டம் அதில் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தால், நனைந்துகொண்டு கொக்கி மாட்டும் வேலையும் இல்லை.

சரி, ஒரே இடத்தில் பல நாள் தங்குவதானால்? அப்போது கேரவன் அருமை. அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் காரில் சுற்றிவிட்டு வரலாம். மோட்டார்ஹோமில் அதற்கே பந்தல் துணியைச் சுருட்டி, மின் இணைப்பைக் கழற்றி, பாத்திரங்களை அடுக்கிக் கிளம்ப வேண்டும்.

உப்புக்காற்று இரண்டின் அடிப்பாகத்தையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

வெள்ளம் ஓடும் சாலையில் இரண்டையும் இறக்காதீர்கள். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய கார் மிதக்கலாம். குறுகிய சாலையில் கேரவனை ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு, அதனால் திரும்பும் முடிவை முன்பே எடுத்துவிடுங்கள்.