ஆன்ஃபீல்டில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: வாடகைக் கைப்பேசியில் வரும் டிக்கெட்

லிவர்பூல் கால்பந்து அணியின் ஆட்டத்தை ஆன்ஃபீல்டு மைதானத்தில் பார்ப்பதற்காக வெளியாரிடம் டிக்கெட் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. எங்கள் புகார் இன்னும் வங்கியில் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும், ஒருவரைத் தவிர்த்துவிட்டு அடுத்தவரிடம் போய் மாட்டிக்கொள்வதில் யாருக்கும் பயனில்லை என்பதும் இன்னொரு காரணம்.

கோவையில் என்னுடன் படித்த நண்பர் லிவர்பூலில் வேலை பார்க்கிறார். கரூரிலிருந்து அவருடைய அப்பா வந்திருந்தார். கல்லூரி நாட்களில் பின்கள ஆட்டக்காரராக ஆடியவர், இன்றும் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினால் எழுந்து சாப்பிட வராதவர். அவர் ஊர் திரும்புவதற்குள் ஓர் ஆட்டத்தையாவது நேரில் காட்டிவிட வேண்டும் என்பது நண்பரின் ஆசை. நானும் என் மனைவியும் மில்டன் கீன்ஸில் இருந்து வார இறுதிக்கு அங்கே போவதாக ஏற்பாடு. ஆனால் ஆன்ஃபீல்டில் பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு நினைத்தவுடன் டிக்கெட் கிடைக்காது. லிவர்பூல் கழகத்தின் உறுப்பினர்களுக்குத்தான் விற்பார்கள்; உறுப்பினர்களிலும் பலருக்குக் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் உண்டு. மைதானத்தில் சுமார் 61,000 இருக்கைகள் இருந்தும் நிலைமை இதுதான்.

நண்பர் தேடியபோது கிடைத்த தளம், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதது. நால்வருக்கும் அடுத்தடுத்த இருக்கைகள், நூறு சதவீத உத்தரவாதம், "இந்த விலையில் இன்னும் நான்கே மீதம்" என்ற சிவப்பு எழுத்து, பக்கத்திலேயே பின்னோக்கி ஓடும் கடிகாரம். ஒரு டிக்கெட் 165 பவுண்டு. நண்பர் கிரெடிட் கார்டில் பணம் கட்டினார். பிறகுதான் விற்பனையாளரின் ஆள் வாட்ஸ்அப்பில் வந்தார். டிக்கெட்டுகள் கைப்பேசியில் ஏற்றித் தரப்படும் என்றும், அந்தக் கைப்பேசிகளுக்கு, பிறகு திரும்பக் கிடைக்கும் முன்பணமாக ஒன்றுக்கு 75 பவுண்டு வீதம் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். "கணக்கின் பெயர் பொருந்தவில்லை என்று உங்கள் வங்கிச் செயலி காட்டும், அதைப் பொருட்படுத்தாமல் மேலே போங்கள்" என்று அவரே முந்திக்கொண்டு எழுதியிருந்தார். எந்த எச்சரிக்கை வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த வியாபாரி எப்படிப்பட்டவராக இருப்பார் என்பதை வாசிப்பவர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இதற்கிடையில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு இருந்த ஆட்டத்தை, தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஞாயிறு மாலை 4:30க்கு மாற்றிவிட்டார்கள். இது ஏமாற்று அல்ல. ஜூன் மாதம் அட்டவணை வெளியான பிறகு தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைப் பொறுக்கி நாளையும் நேரத்தையும் மாற்றுவது இங்கே வழக்கம்தான். ஆனால் மலிவு விலையில் முன்பதிவு செய்த ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. கட்டணம் செலுத்தி வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ள மட்டுமே முடியும். ஆட்டத்தின் நேரம் உறுதியாகும் முன் ரயில் பதிவு செய்யாதீர்கள்.

ஞாயிறன்று மைதானத்துக்கு அருகே ஒரு மீன் வறுவல் கடையின் பின்புறம் வரச் சொன்னார்கள். வந்தவர் தன் காரின் முன் இருக்கையில் இருந்த துணிப்பையிலிருந்து நான்கு பழைய கைப்பேசிகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்றின் திரை மூலையிலிருந்து மூலைவரை கீறியிருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டு. அதில் திரைப்பூட்டைத் திறக்கும் எண்ணும் ஓர் ஆங்கிலேயப் பெயரும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. வாசலில் கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். என் மனைவிக்குக் கொடுத்த கைப்பேசியில் இருந்தது ஓர் ஆணின் பெயர். அதைச் சுட்டிக்காட்டியபோது, "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்தடுத்த இருக்கைகள் என்று விற்கப்பட்டவை மூன்று வெவ்வேறு பகுதிகளில் இருந்தன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நண்பருக்கும் அவருடைய அப்பாவுக்கும் மட்டும் ஒரே பகுதி.

அவர்கள் இருவரும் முதலில் போனார்கள். கைப்பேசியைக் கருவியில் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போய்விட்டார்கள். என் முறை வந்தபோது சிவப்பு. என் மனைவி போன வாயிலிலும் சிவப்பு. அங்கிருந்த ஊழியர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார், பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தார், அதற்குமேல் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் டிக்கெட்டுகள் இருந்த உறுப்பினர் கணக்குகளைக் கழகம் முடக்கிவிட்டது என்று டிக்கெட் அலுவலகத்தில் மரியாதையாகவே விளக்கினார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டபடி, நுழைவு மறுக்கப்பட்டதை உறுதிசெய்து மறுநாள் மின்னஞ்சலும் அனுப்பினார்கள். பிறகு நடந்தவற்றில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த மின்னஞ்சல்தான்.

இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது குற்றம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இசைக் கச்சேரி டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது போல இதுவும் சகஜம் என்று நினைத்துவிடுகிறோம். 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து நடந்த டெய்லர் விசாரணையின் இறுதி அறிக்கை, கள்ள டிக்கெட் விற்பனையைக் குற்றமாக்குவது பற்றியும் பேசியது. எந்த இருக்கையில் எந்த அணியின் ரசிகர் உட்காருகிறார் என்பது இங்கே பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அந்த 97 பெயர்களும் பொறிக்கப்பட்ட நினைவிடம் ஆன்ஃபீல்டின் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. அதைக் கடந்துதான் நாங்கள் திரும்பி நடந்தோம். வாங்கியவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்யவும் வெளியே அனுப்பவும் கழகத்துக்கு முழு உரிமை உண்டு.

உள்ளே போன அப்பா, விஷயம் தெரிந்ததும் நண்பரின் கைப்பேசியில் அழைத்து, "தம்பி, நீங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கிறப்ப எனக்கு என்ன ஆட்டம், நானும் வந்துடறேன்" என்றார். ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லி அவரை உட்கார வைத்தோம். நானும் மனைவியும் பக்கத்து பப்பில் நின்றுகொண்டு ஆட்டத்தைப் பார்த்தோம். தொலைக்காட்சிக்காக மாற்றப்பட்ட ஆட்டம் என்பதால் அங்கே நேரலை இருந்தது. சனிக்கிழமை 3 மணிக்கே நடந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. சனிக்கிழமைகளில் 2:45 முதல் 5:15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரலைக்குத் தடை.

ஆட்டம் முடிந்ததும் கைப்பேசிகளைத் திரும்ப வாங்குவதற்கு மட்டும் அந்த ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தார். முன்பணத்தைக் கேட்டபோது, வாசலில் நாங்கள் தகராறு செய்ததால்தான் கணக்குகள் முடங்கின என்றும், அதனால் முன்பணம் கிடையாது என்றும் சொன்னார். எங்களை நிறுத்தியதே கணக்குகள் ஏற்கெனவே முடங்கியிருந்ததால்தான் என்பதை அவரிடம் வாதாடிப் பயனில்லை. தளத்துக்கு எழுதியதற்கு, "நாங்கள் விற்பவர் அல்ல, விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர் மட்டுமே, டிக்கெட்டுகள் உரிய நேரத்தில் ஒப்படைக்கப்பட்டன" என்ற பொருளில் பதில் வந்தது. அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ள ஒரு தள்ளுபடிக் கூப்பனும் கூடவே இணைத்திருந்தார்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிரெடிட் கார்டில் வாங்கிய ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. கவனிக்க வேண்டியது, மொத்தத் தொகை அல்ல, ஒவ்வொரு டிக்கெட்டின் விலையும் 100ஐத் தாண்ட வேண்டும். நடுவில் ஓர் இணைப்புத் தளம் இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று மறுக்க இடமிருக்கிறது. நண்பருக்கும் அப்படித்தான் மறுத்தார்கள். அப்போது சார்ஜ்பேக் கேட்க வேண்டும், அதாவது கட்டிய பணத்தைக் கார்டு வழியாகவே திரும்பப் பெறும் முறை. இது சட்ட உரிமை அல்ல, கார்டு நிறுவனங்களின் விதி. டெபிட் கார்டுக்கும் உண்டு, ஆனால் காலக்கெடு இருப்பதால் தாமதிக்கக் கூடாது. சிவப்பு விளக்கின் புகைப்படம், கழகத்தின் மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அனுப்பிய பிறகு, நுழைய முடியாத இரண்டு டிக்கெட்டுகளின் பணம் திரும்பி வந்தது.

முன்பணம் வேறு கதை. ஏமாற்றி வங்கிப் பரிமாற்றம் செய்ய வைத்தால், 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனில் வங்கிகளே 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு இது பொருந்தாது. கைப்பேசிகள் ஒப்படைக்கப்பட்டதால் இது மோசடி அல்ல, வியாபாரத் தகராறு என்பது எங்கள் வங்கியின் முதல் பதில். முறையான புகார் கொடுத்திருக்கிறோம். அதையும் மறுத்தால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நண்பர்களைப் பார்க்கப் போகும் வார இறுதியில் கால்பந்தும் வேண்டும் என்றால், கழகத்தின் சொந்தத் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாதவரிடம் வாங்காதீர்கள். லிவர்பூலுக்கு எதிரே மெர்சி ஆற்றுக்கு அக்கரையில் டிரான்மியர் ரோவர்ஸ் ஆடும் பிரென்டன் பார்க் மைதானத்தில், கழகத்திடமே நேரடியாக, எளிதாக டிக்கெட் வாங்கலாம். பின்னொரு சனிக்கிழமை நண்பர் தன் அப்பாவை அங்கே அழைத்துப் போனார். கோல் கம்பத்துக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்தது அவருக்கு ஆன்ஃபீல்டைவிடப் பிடித்துவிட்டது. ஏற்கெனவே இப்படி யாருக்காவது பணம் அனுப்பிவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்கள், விற்பவரிடம் பேசிப் பார்க்காமல் முதலில் 159 என்ற எண்ணை அழையுங்கள்; பெரும்பாலான வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு அது நேரடியாக இணைக்கும்.