செக்யூரிட்டி அடிப்படை வகுப்பு என்று பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

நெட்வொர்க் செக்யூரிட்டியை அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறோம், எல்லாமே நேரடி வகுப்பு என்று விளம்பரம் செய்த ஒரு ஆன்லைன் பயிற்சியில் முழுப் பணமும் கட்டிச் சேர்ந்தேன். பெயர் போடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வருவார்கள், நடத்தும் விதத்தைச் சொல்கிறேன்.

நேரடி வகுப்பு முதல் நாளோடு சரி. அப்புறம் எல்லாம் பழைய ரெக்கார்டிங், எவ்வளவு பழசு என்றால் திரையில் ஓடுவது பேக்ட்ராக் என்ற, செக்யூரிட்டி சோதனைக்கான பழைய லினக்ஸ். அதன் இடத்தில் காளி லினக்ஸ் வந்ததே 2013-ல். வைஃபை பாடம் முழுக்க டபிள்யூஇபி (WEP) என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறையை உடைப்பதுதான். 2004-லேயே கைவிடச் சொல்லிவிட்ட முறை அது. அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 பற்றி மூச்சு விடவில்லை.

போர்ட் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) 22-க்கும் 23-க்கும் என்ன வித்தியாசம் என்று குரூப்பில் ஒருவர் கேட்டார். இரண்டும் ரிமோட் லாகின்தான், நம்பர் மட்டும் வேறு என்று பதில் போட்டார் பயிற்சியாளர்! 23-ல் ஓடுவது டெல்நெட். அதில் லாகின் செய்துகொண்டே நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் அந்த இணைப்பின் தகவல் ஓட்டத்தை (டிசிபி ஸ்ட்ரீம்) திறந்து பாருங்கள், அடித்த பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக அப்படியே தெரியும். 22-ல் எஸ்எஸ்ஹெச், அங்கே லாகின் முழுக்க என்கிரிப்ட் ஆகி, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாறித்தான் போகும். அடிப்படை என்றால் இதுதானே, இதைக்கூடச் சொல்லத் தெரியாதவரிடம் வேறென்ன கற்பது?

இதைவிட மோசம் லேப். ஒரு ஜிப் ஃபைலை அனுப்பி, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள் என்றார்கள். ஹேக்கிங் டூலைப் பார்த்து ஆன்டிவைரஸ் அலறுவது சகஜம்தான், அதற்காகத்தான் தனியாக விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளேயே தனித்து ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டுப் பழகுவது. இவர்கள் சொன்னதோ சொந்தக் கம்ப்யூட்டரில் நேரடியாக. ஜிப்புக்குள் இருந்தது நெட்வொர்க்கைத் துழாவிப் பார்க்கும் என்மேப், வயர்ஷார்க். இரண்டுமே அவரவர் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை, டவுன்லோட் சரியானதுதானா என்று ஒத்துப்பார்க்க ஹாஷும் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) அங்கேயே இருக்கும். கூடவே பெயர் தெரியாத ஒரு இஎக்ஸ்இ, அதாவது புரோகிராம் ஃபைல். அது எதற்கு என்று கேட்டவரைக் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். இன்ஸ்டால் செய்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சான்றிதழ் கொடுத்தாகிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாதாம். தேர்வே நடக்கவில்லை, சான்றிதழ் மட்டும் மெயிலில் வந்து கிடக்கிறது. விளம்பரம், பணம் கட்டிய ரசீது, அந்த மெயில் எல்லாவற்றையும் சேர்த்து பேங்க்கில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை பேங்க் மூலம் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன். கார்டில் கட்டியவர்கள் நீங்களும் உடனே கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு.