ஜாஸ்ப்: 164 வினாக்கொத்துகளை எண்ணித் தந்த மென்பொருள்

என் முதுமாணி ஆய்வு நிலைபேற்று உளவியலில், அதாவது சூழலைப் பேணும் பழக்கங்களை ஆராயும் உளவியலில். 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான தடிப்புள்ள பொலித்தீனுக்கு இலங்கையில் 2017இல் தடை வந்த பிறகும், மீன் வாங்க வருகிறவர் ஏன் வெறுங்கையோடு வருகிறார்? வீட்டில் பன் பை தொங்குகிறது. மட்டக்களப்பு வாவியைப் பற்றிக் கேட்டால் கவலையும் படுகிறார். கல்லடி, நாவலடி, காத்தான்குடி என்று வெயிலில் அலைந்து 164 வினாக்கொத்துகள் நிரப்பினேன்.

பகுப்பாய்வுக்கு எல்லாரும் சொன்ன மென்பொருளின் கட்டணம் எனக்குக் கட்டாது. திருட்டுப் பிரதியைப் பென்டிரைவில் தர ஆள் இருந்தது; எனக்கு மனம் வரவில்லை. ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. கோப்பு பெரியது, டேட்டா பார்த்து இறக்குங்கள். பிறகு இணையம் தேவையில்லை. எக்செல் தரவை சிஎஸ்வி (CSV) கோப்பாகச் சேமித்துத் திறந்து, மாறிகளை இழுத்து வைத்தால் பக்கத்திலேயே அட்டவணை வந்துவிடும்.

என்னைக் காப்பாற்றியது அதிலுள்ள ஒரு சின்னப் பெட்டி. என் வினாக்கொத்தில் நான் தமிழாக்கிச் சேர்த்தது, டன்லப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2000இல் திருத்தி வெளியிட்ட சூழலியல் மனப்பாங்கு அளவுகோல். அதில் 15 கூற்றுகள். ஒற்றை எண் கூற்றுகளை ஏற்பவர் இயற்கையின் பக்கம். இரட்டை எண் கூற்றுகள் ஏழையும் மறுப்பவர்தான் இயற்கையின் பக்கம். அந்த ஏழின் புள்ளிகளைப் புரட்டாமலே (5ஐ 1 ஆக, 4ஐ 2 ஆக மாற்றாமலே) நம்பகத்தன்மை பார்த்துவிட்டேன். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரொன்பாக் அல்பா அடிமட்டத்தில் கிடந்தது. தமிழாக்கம் பிழைத்துவிட்டது, திரும்பவும் சந்தைக்குப் போக வேணும் என்று அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடியத்தான் கண்டேன்: எதிர்மாறான கூற்றுகளைக் குறிக்க நம்பகத்தன்மைப் பகுதியிலேயே இடம் இருக்கிறது. ஏழையும் அதற்குள் இழுத்து வைக்க, கண்ணெதிரே எண் ஏறியது. எந்தக் கூற்றை விட்டால் அல்பா கூடும் என்றும் காட்டும். அதில் ஒரு கூற்று மட்டும் இடறியது. இயற்கையை மாற்றும் 'உரிமை' என்று நான் எழுதியதை, வலை வீசுகிற ஐயா ஒருவர் தொழில் உரிமை என்று விளங்கிப் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் புரட்டல் அந்தப் பகுப்பாய்வுக்குள் மட்டும்தான். மொத்தப் புள்ளி எடுக்க, ஐந்து புள்ளி அளவில் 6இலிருந்து கழித்துப் புதிய நிரலைத் தனியே உருவாக்க வேண்டும்.

இன்னொன்று பேஸ் காரணி. கடற்கரைப் பக்கத்தாருக்கும் வாவிக்கரைப் பக்கத்தாருக்கும் மனப்பாங்கில் வித்தியாசம் வரவில்லை. வழமையான சோதனை 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்பதோடு நின்றுவிடும். வித்தியாசமே இல்லை என்பதற்கு என் தரவு எவ்வளவு ஆதரவு தருகிறது என்று பேஸ் காரணி சொல்லும். வித்தியாசம் இல்லை என்ற பக்கத்துக்கு அது 4 என்றால், வித்தியாசம் உண்டு என்பதைவிட இல்லை என்பதன் கீழ் இந்தத் தரவு கிடைக்க 4 மடங்கு வாய்ப்பு. ஆய்வை மேற்பார்வை செய்த சேர் பார்த்துவிட்டு, "இதை ஒரு பந்தி விளக்கி எழுதுங்க பிள்ள" என்றார். எழுதினேன், ஆய்வேட்டில் எனக்கு மிகப் பிடித்த பந்தி அது.

தரவும் அட்டவணைகளும் ஒரே கோப்பில் இருப்பதால் வாய்மொழிப் பரீட்சைக்கு அதைத்தான் கொண்டுபோனேன். அல்பா எப்படி வந்தது என்று பரீட்சகர் கேட்டார். திறந்து காட்டினேன், ஏழு கூற்றுகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.