ஒரு பெரிய வாயா, நான்கு சிறிய வாய்களா: குறுக்கோட்டத்தில் நீர்த்தாரை

ஓடும் நீருக்குள் கழிவுநீரை விட வேண்டியிருந்தால், அதை ஒரே பெரிய வாயால் விடுவதா, அதே பரப்பை நான்கு சிறிய வாய்களாகப் பிரித்து விடுவதா? இதை நேரில் பார்ப்பதற்காக, கந்தளாய்க் குளத்து நீர் ஓடும் வாய்க்கால் ஒன்றின் அடியில் பலகை பதித்து, அதில் 10 மில்லிமீற்றர் துளை ஒன்றையும், சற்றுத் தள்ளி 5 மில்லிமீற்றர் துளைகள் நான்கையும் இட்டு, கரையில் உயர்த்தி வைத்த வாளியிலிருந்து பீற்றூட் சாறு கலந்த நீரை இறக்கினோம். துளையிலிருந்து எழும் நீர்த்தாரையின் வேகம், அதற்குக் குறுக்காக ஓடும் நீரின், அதாவது குறுக்கோட்டத்தின், வேகத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. முதல் நாள் துளைக்குப் பதிலாகக் குழாயை நீட்டி வைத்தது என் பிழை. குழாயின் முதுகில் எழுந்த சுழல்களே எல்லாவற்றையும் கலக்கிவிட்டன.

எவ்வளவு உயரம் எட்டும் என்பதில் பெரிய வாய்க்கே வெற்றி. தாரை நிமிர்ந்து எழுந்து, ஓட்டம் தள்ளத் தள்ள வளைந்து படுக்கிறது. அந்த வளைவின் அளவுகோல், வேக விகிதத்தை விட்டத்தால் பெருக்கி வருவது. ஆய்வாளர்கள் பிராட்டேயும் பெயின்ஸும் 1967 இல் தந்த சூத்திரத்தில் எங்கள் அளவுகளை இட்டால், துளையிலிருந்து 40 சென்டிமீற்றர் தள்ளிப் பெரிய தாரை ஏறக்குறைய 16 சென்டிமீற்றர் உயரத்திலும், சிறியவை 9.5 சென்டிமீற்றரிலும் இருக்க வேண்டும்.

கலப்பில் கதை அவ்வளவு நேரானதல்ல. வளைந்த தாரையின் குறுக்குவெட்டு சிறுநீரக வடிவம் கொள்கிறது. எதிரெதிராகச் சுழலும் இரு சுழல்கள் சுற்றியுள்ள தெளிந்த நீரை உள்ளே இழுக்கின்றன. குறுக்கோட்டத்தில் கலப்பு எப்போதும் சிறக்கும் என்ற நம்பிக்கை இந்தச் சுழல் இணையால் வந்தது. ஆனால் ஸ்மித், முங்கால் இருவரும் 1998 இல் காற்றுத் தாரைகளை அளந்து, வாயருகே தாரைப்பொருளின் செறிவு தாரைப்பாதை நீளத்தின் -1.3 ஆம் அடுக்காக விரைந்து குறைவதையும், தொலைவில் -2/3 ஆக மந்தமடைவதையும் காட்டினார்கள்; அசைவற்ற நீரிலுள்ள தாரைக்கு அது -1. சுழல் இணை நன்றாக உருவான பின்னரே கலப்பு மந்தமாகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதனால் பிரிப்பதன் இலாபமும் சுருங்குகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் அசைவற்ற நீரில் ஒரே தொலைவில் செறிவு பாதியாகும். குறுக்கோட்டத்தின் தொலைபகுதியிலோ ஏறத்தாழ 63 வீதமாகத்தான் குறையும். அதுவும் நான்கு தாரைகளும் ஒன்றோடொன்று சேராதவரைக்கும்தான். எங்கள் துளைகளை நெருக்கமாக இட்ட பலகையில் நான்கு சிவப்பு இழைகளும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒரே பட்டையாகிவிட்டன.

ஃபிரிக், ரொஷ்கோ 1994 இல் காட்டிய பின்புறச் சுழல்கள் தாரையிலிருந்து பிறப்பவையல்ல, தரையை ஒட்டிய மெல்லிய ஓட்டப்படையிலிருந்து பிறப்பவை; பெரிய தாரையின் பின்னே அடியிலிருந்து தூண்களாக எழக் கண்ட களிமண் கலங்கலுக்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அப்படியானால் திருகோணமலை உட்துறைமுகத்தில் கழிவுநீர் விட எது பொருத்தம்? வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாத, மலைகள் காற்றை மறைக்கும் அந்த நீரில் ஓட்டம் அடங்கும் நாளே கடினமான நாள். அன்று பிரிப்பின் இலாபம் முழுமையாகக் கிடைப்பதால் நான் நான்கு வாய்களையே தெரிவேன், அவற்றை விலக்கி வைக்க இடமிருந்தால். உயரக் கணக்கை மட்டும் அங்கே கொண்டுபோக முடியாது, ஏனெனில் கடலுக்குள் விடும் உப்பில்லாத கழிவுநீர் அடர்த்தி குறைவால் தானாகவே மேலெழும். சிறிய வாய்களைச் சிப்பி அடைத்துவிடும் என்பதும் உண்மை. சுழியோடி ஒருவரை அவ்வப்போது இறக்கத்தான் வேண்டும்.