பழைய டர்போ காரில் கூலண்ட் லீக்: பவுடரா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004இல் இந்தியாவுக்கு வந்தது. கறாராகப் பார்த்தால் குடும்பக் கார்தான். ஆனால் 1.8 லிட்டர் இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, புகையின் விசையால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, 150 குதிரைத்திறன் என்று அந்தக் காலத்தில் இங்கே வேறு யாரும் இந்த விலையில் தராத வேகத்தைத் தந்தது. காவிரி டெல்டாவில் இன்றும் இதைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள்: டேங்கில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைகிறது, தரையிலோ ஒரு சொட்டுகூட இல்லை.

இந்தப் பக்கத்துப் பட்டறைகள் டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் கைதேர்ந்தவை. பித்தளை ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டையைக் கண்டு, ஈயம் வைத்து அடைக்கும் வேகத்தைப் பார்த்தாலே மரியாதை வரும். சிக்கல் என்னவென்றால், இந்தக் காரின் ரேடியேட்டர் அலுமினியம், அதன் இரு பக்கத் தொட்டியும் பிளாஸ்டிக். அங்கே ஈயம் ஒட்டாது. அதோடு, இன்ஜினைச் சுற்றும் அதே கூலண்ட்தான் டர்போவின் பேரிங் பகுதிக்குள்ளும் போகிறது. டிராக்டருக்குச் சரியான வைத்தியம் இதற்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

முதலில் லீக்கைக் கண்டுபிடிக்கும் வழிகள். பெரும்பாலான இடங்களில் நடப்பது, வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி, பானெட்டைத் திறந்து கண்ணால் தேடுவது. ஹோஸ் கிழிந்திருந்தால் தெரிந்துவிடும். டர்போவுக்குப் போகும் உலோகக் குழாயின் செப்பு வாஷரில் கசிந்தால் தெரியவே தெரியாது. கொதிக்கும் உலோகத்தில் விழுந்த துளி அங்கேயே ஆவியாகிவிடும். மிஞ்சுவது லேசான இனிப்பு வாடையும், இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவமும்தான்.

பிரஷர் டெஸ்டர் இதற்கு நேர் எதிர். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில், கூலண்ட் டேங்க் மூடியைக் கழற்றி, கைப்பம்பைப் பொருத்தி, சுமார் 1 பார் அழுத்தம் ஏற்றி முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. உலோகம் குளிர்ந்திருப்பதால் துளி ஆவியாகாமல் நிற்கும், டார்ச்சில் மின்னும். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சில, இறுகிப்போயிருந்தால், குளிரில் சுருங்கும்போது மட்டுமே கசியும். மார்கழிக் காலையில் செய்யும் டெஸ்ட் அதையும் காட்டிக்கொடுத்துவிடும். மூடியையும் அதே டெஸ்டரில் பாருங்கள். 1.4 முதல் 1.6 பாருக்குள் திறக்க வேண்டிய மூடி அதற்கு முன்பே திறந்தால், லீக் இல்லாத வண்டியும் தண்ணீரைத் துப்பும். சூடான வண்டியில் மூடியை மட்டும் திறக்கவே கூடாது, வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

புற ஊதா சாயம் மூன்றாவது வழி. கூலண்டில் கலந்து, சில நாள் ஓட்டி, இருட்டில் அதற்கான விளக்கால் பார்ப்பது. டெஸ்டரில் சிக்காத நுண்ணிய கசிவுக்கு நல்லது. ஆனால் சில நாள் ஓட்டியாக வேண்டும். கூலண்ட் வேகமாகக் குறையும் டர்போ வண்டியில் அந்தச் சில நாளை நான் பணயம் வைக்க மாட்டேன். என் ஓட்டு பிரஷர் டெஸ்டருக்கே.

அடுத்தது ரிப்பேர். “தம்பி, இந்தப் பவுடரைப் போடுங்க, நின்னுடும்” என்பது எல்லா ஊரிலும் கேட்கும் குரல். நிற்கலாம். ஆனால் ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, டர்போவின் குறுகிய நீர்ப்பாதை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அம்பாசடரில் பிழைத்துக்கொண்ட இந்த வழி இங்கே டர்போவையே பலி கேட்கலாம். இன்ஜின் சூடாகும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும், லீக் அப்படியே இருக்கும்.

இந்த இன்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை ஒட்டியிருக்கும் ஃபிளாஞ்ச் என்ற பிளாஸ்டிக் இணைப்பு. ஹோஸ்கள் சேருவதும், டெம்பரேச்சர் சென்சார் குத்தியிருப்பதும் அதில்தான். வருடக்கணக்கான சூட்டில் பிளாஸ்டிக் மொறமொறத்து விரிசல் விடும். மாற்றும்போது கம்பெனி பிளாஸ்டிக்கா, வெளியில் கிடைக்கும் அலுமினியமா என்ற கேள்வி வரும். அலுமினியம் விரிசல் விடாது என்பது உண்மை. ஆனால் அதன் ஆயுள் முழுக்க நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பொறுத்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றிப் பழகியவர் அலுமினியம் போட்டால், ஓ-ரிங் உட்காரும் இடமே அரித்துப் பள்ளமாகிவிடும். அப்புறம் எந்த ஓ-ரிங் போட்டும் பயனில்லை. நான் கம்பெனி பிளாஸ்டிக் பக்கம். விலை குறைவு, பொருத்தம் துல்லியம், பல வருடம் வரும். எபாக்ஸி பூசிய பழைய ஃபிளாஞ்சோடு திருச்சியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஹோஸில் ரப்பரே போதும். சிலிக்கான் அழகாக இருக்கும், ஆனால் சாதாரண ஸ்குரூ கிளாம்ப் அதை அறுத்துவிடும். கம்பெனி ஸ்பிரிங் கிளாம்ப், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ஹோஸைத் தானே பிடித்துக்கொள்ளும். அதைத் தூக்கிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பம்ப் கசிந்தால் பெல்ட்டும், பெல்ட் மாற்றினால் பம்பும் சேர்த்தே மாற்றுங்கள், லேபர் ஒன்றுதான்.

எல்லாம் முடிந்தபின் எதை ஊற்றுவது? வெறும் தண்ணீரா, கூலண்டா என்ற விவாதம் டெல்டாவில் ஓயாது, இங்கே பனி உறையாதே என்பார்கள். உறைவது பிரச்சினையே இல்லை, கொதிப்பதும் துருப்பிடிப்பதும்தான் பிரச்சினை. பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் கலவை, அழுத்தம் இல்லாமலே 106 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும், நல்ல மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். இந்தக் காருக்கான இளஞ்சிவப்புக் கூலண்டோடு பழைய பச்சைக் கூலண்டைக் கலந்தால் பழுப்புச் சேறாகித் திரளும். வழியில் வற்றிப்போனால், வண்டி ஆறியபின் கேன் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

சம்பா அறுவடை நேரத்தில் இன்னொன்று. வைக்கோல் லாரிக்குப் பின்னால் தொடர்ந்து ஓட்டினால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி அடைந்து, லீக்கே இல்லாமல் டெம்பரேச்சர் முள் ஏறும். பாகம் வாங்குமுன் அதைக் கழுவிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு டேங்கில் குமிழி வந்தால், நீல திரவம் போட்ட பிளாக் டெஸ்டரை டேங்க் வாயில் வையுங்கள். திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது என்று பொருள், பெரும்பாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான். கூலண்டில் ஆயில் மிதந்து, திரவம் நிறம் மாறாவிட்டால், ஹெட்டைத் தொடுமுன், இன்ஜின் ஆயிலைக் கூலண்டால் குளிர்விக்கும் ஆயில் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்னப் பாகம் உள்ளுக்குள் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான், செலவோ ஹெட் வேலையில் ஒரு சிறு பங்கு.