வயதான நாய்க்குக் குஷிங்: எந்த மருந்து, முடி எப்போது வரும்?

பத்து வயது தாண்டிய நாய். தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு, மறுபடி நிரப்பச் சொல்லி முகத்தைப் பார்க்கிறது. ராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுப்புகிறது, சாப்பாட்டுக்கு அலைகிறது, வயிறு தொங்குகிறது, மின்விசிறிக்கு அடியில் படுத்தும் மூச்சிரைக்கிறது. கூடவே விலாவிலும் தொடையின் பின்புறமும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக முடி கொட்டி, தலையிலும் காலிலும் மட்டும் மிச்சம் நிற்கிறது. பலரும் டாக்டரிடம் போவது கடைசியில் சொன்ன அந்த முடிக்காகத்தான். மருந்து ஆரம்பித்த பிறகும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மருந்து கேட்கிறதா என்பதை முடி கடைசியில்தான் சொல்லும். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றிரண்டு வாரத்திலேயே சொல்லிவிடும். எந்த மருந்து என்று முடிவு செய்யும்போதும், செய்த பிறகும், இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் குறையும்.

குஷிங் என்பது உடம்பில் கார்டிசோல் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது. நாய்களில் நூற்றுக்கு 80, 85 கேஸ்களில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி இருக்கும், பெரும்பாலும் சின்னதுதான். அது கார்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகளை (சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருப்பவை) ஓயாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. மீதிக் கேஸ்களில் அட்ரினலிலேயே கட்டி. இன்னொரு வகை நாமே உண்டாக்குவது: அரிப்புக்கென்று மாதக்கணக்கில் கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தோலுக்கும் காதுக்கும் போட்டுக்கொண்டே இருந்த ஸ்டீராய்டு களிம்பு. அந்த வகைக்கு இங்கே பேசப்போகும் மருந்துகள் எதுவும் வேண்டாம். ஸ்டீராய்டை டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தால் போதும். ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து.

பிட்யூட்டரி வகைக்கு உண்மையான போட்டி இரண்டு மருந்துகளுக்கு இடையில்தான்: ட்ரைலோஸ்டேன், மைட்டோடேன்.

மைட்டோடேன் பழையது. பூச்சிக்கொல்லி டி.டி.டி.யின் ரசாயன உறவுக்காரர் என்றால் பலருக்கு நம்ப முடியாது. இது அட்ரினலின் வெளிப்படலத்துச் செல்களையே அழிக்கிறது. முதலில் ஒரு வாரம், பத்து நாள் வரை தினமும் கிலோவுக்கு 30 முதல் 50 மில்லிகிராம் கொடுத்து, சுரப்பு இறங்கியதும் நிறுத்தி, பிறகு வாரக் கணக்கில் பராமரிப்பு அளவு கொடுப்பார்கள். சிக்கல் அந்த முதல் வாரத்தில் இருக்கிறது. எந்த நாளில் நிறுத்துவது என்பதை நாயின் தட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதுவரை சோற்றை வாரி விழுங்கிக்கொண்டிருந்த நாய், ஒருநாள் பாதியில் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடுகிறதா? அன்றே டாக்டருக்குப் போன் போட வேண்டும். வாந்தி எடுக்கும் வரை காத்திருந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பத்துக்கு இது சரிப்படாது.

ட்ரைலோஸ்டேன் செல்களை அழிப்பதில்லை. கார்டிசோல் தயாராவதற்குத் தேவையான ஒரு நொதியைச் சில மணி நேரம் தடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். அளவு கூடிப்போனாலும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் நாய் தெளிந்துவிடும். (அபூர்வமாக இதிலும் அட்ரினல் நிரந்தரமாகக் கெட்டுப்போவது உண்டு.) வெட்டோரில் என்ற பெயரில் 2008 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; இன்று பெரும்பாலான நாடுகளில் டாக்டர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். கேப்சூலைப் பிரித்துப் பொடியைச் சோற்றில் தூவக் கூடாது, கர்ப்பிணிகள் கையாளாமல் இருப்பது நல்லது. மருந்துக்கடையில் தனியாகக் கலந்து தரும் கேப்சூலின் விலை குறைவுதான். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அவற்றில் பலவற்றில் மருந்தின் அளவு லேபிளில் போட்டபடி இல்லை. இந்த நோயில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

எது ஆயுளை நீட்டும் என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இங்கிலாந்தில் 2005-ல் வெளியான ஒரு ஒப்பீட்டில் சிகிச்சைக்குப் பிறகு மைட்டோடேன் நாய்களின் நடு அளவு (மீடியன்) ஆயுள் 708 நாள், ட்ரைலோஸ்டேன் நாய்களுக்கு 662 நாள். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பாதிக்கப்படுவது கிழட்டு நாய்கள்தான் என்பதால் பலதும் வேறு காரணங்களால் போய்விடுகின்றன. ஆக, ஆயுளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், பரிசோதனைக்குத் திரும்பத் திரும்பப் போக முடியுமா, கை எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் ஓட்டு ட்ரைலோஸ்டேனுக்கு.

அதிலும் ஒரு உள்சண்டை இருக்கிறது: நாளுக்கு ஒரு வேளையா, இரண்டு வேளையா? லேபிள் ஒரு வேளை என்கிறது. பல டாக்டர்கள் இப்போது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இரண்டு வேளையாக ஆரம்பிக்கிறார்கள். காலையில் மட்டும் கொடுத்தால் சில நாய்களுக்கு ராத்திரிக்குள் விசை இறங்கி, விடிவதற்குள் தாகம் திரும்பிவிடுகிறது. ராத்திரி எழுப்புவது நிற்கவே இல்லை என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வேளைக்கும் சாப்பாடு, இரண்டு வேளைக்கும் ஆள் வேண்டும் என்பது இதன் விலை.

எதுவாக இருந்தாலும் 10-14 நாளில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் கார்டிசோல் பார்க்க வேண்டும்; பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனை ஊசியாகப் போட்டுச் செய்யும் சோதனைக்குச் செலவு அதிகம். ட்ரைலோஸ்டேன் கொடுக்கும் சில டாக்டர்கள் அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் ஒரே ஒரு ரத்த மாதிரி எடுத்துப் பார்ப்பதும் உண்டு. வீட்டில் செய்யக் கூடியது இதைவிட எளிது: காலையில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அதிகம். பத்து கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் நோய் இன்னும் அடங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். நாய் சோற்றைத் தொடாத வேளையில் மாத்திரையும் கிடையாது. வாந்தி, சோர்வு சேர்ந்தால் உடனே டாக்டர்.

செலிஜிலின், கீட்டோகோனசோல் என்ற வேறு இரண்டு மருந்துகளையும் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முதலாவது கொஞ்ச நாய்களுக்கே கேட்கிறது, இரண்டாவது ஈரலைப் படுத்தலாம். அட்ரினல் கட்டி என்றால் அறுவைச் சிகிச்சை நல்ல வழி, ஆனால் தேர்ந்த கை வேண்டும். அப்புறம் ஒன்றும் கொடுக்காமல் இருப்பது. இதையும் ஒரு வழியாகவே நான் எண்ணுகிறேன். ரத்தத்தில் மட்டும் எண் கூடியிருந்து, தாகமோ பசியோ ரத்த அழுத்தமோ தொல்லை தராத நாய்க்கு, உடனே மருந்து வேண்டும் என்று நிபுணர்களே சொல்வதில்லை.

இப்போது முடி. அதிகக் கார்டிசோல் முடி வேர்களை ஓய்வு நிலையிலேயே தூங்க வைத்துவிடுகிறது. பழைய முடி உடைந்து விழும், புதியது முளைக்காது. ஸ்கேனுக்காக வயிற்றில் சிரைத்த சதுரம் மாதக்கணக்கில் அப்படியே வழுக்கையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் மெலிந்து ரத்தநாளம் நீலமாகத் தெரியும். கார்டிசோல் இறங்கிய பிறகுதான் வேர்கள் விழிக்கும், அதற்கப்புறம் முடி நீள வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் சாதாரணம். நீள முடி நாய்க்கு இன்னும் கூடும். ஆரம்பத்தில் மிச்சமிருந்த பழைய முடியும் கொத்தாகக் கொட்டலாம். பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு, தேவையில்லை. வருகிற முடி குட்டிக்கால மென்மையோடோ வேறு நிறத்திலோ வரலாம். இந்த இடைவெளியில் நடக்கும் பெரிய ஆபத்து, முடி வரவில்லை என்பதற்காக மருந்தின் அளவை ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்குவது. தண்ணீரும் ரத்த முடிவும் சரியாக இருந்தால் அளவும் சரி.

முடிக்கென்று மெலடோனின் என்ற ஹார்மோன் மாத்திரையும், ஆளி விதையில் இருக்கும் லிக்னன் என்ற தாவரப் பொருளும் பரவலாகச் சொல்லப்படுகின்றன. மெலடோனினைப் பொதுவாக 15 கிலோவுக்குக் கீழே 3 மில்லிகிராம், மேலே 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். குஷிங் இல்லாமலே வரும் விலா வழுக்கைக்கும் பொமரேனியன்களுக்கு வரும் கறுந்தோல் வழுக்கைக்கும் இது சில நாய்களில் பலன் தருகிறது. குஷிங்கில் சான்று மெலிது. டாக்டர் சம்மதித்தால் பக்கத்துணையாகச் சேர்க்கலாம், ட்ரைலோஸ்டேனுக்குப் பதிலாக வேண்டாம். மனிதர்களுக்கு விற்கும் மாத்திரையிலும், மிட்டாய் போல மெல்லும் வகைகளிலும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், நாய்க்கு அது விஷம். லிக்னன் இருப்பது விதையின் மேல்தோலில். ஆளி விதை எண்ணெயில் அது அநேகமாக இருக்காது. தேங்காய் எண்ணெய் தடவுவது வேரை எழுப்பாது. நாய் அதை நக்கியே தீர்க்கும், இந்த நோயில் கணைய அழற்சி வாய்ப்பு கூட என்பதால் கொழுப்பு ஏற வேண்டாம்.

ஆறு மாதம் கழித்தும் முடி வரவில்லை என்றால் முதலில் தோலில் பூஞ்சை, கிருமித் தொற்று பார்க்க வேண்டும், பிறகு கார்டிசோலை மறுபடி சோதிக்க வேண்டும். தைராய்டையும் சந்தேகிப்பார்கள், ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு: குஷிங்கே டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைக் குறைத்துக் காட்டும். அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை ஆரம்பிப்பதைவிட, கார்டிசோல் கட்டுக்குள் வந்த பிறகு டி.எஸ்.ஹெச்.சோடு (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சேர்த்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.