நின்ற வெளிநாட்டு உதவி திரும்பினால்: மறுபடி அதுவா, சேலத்துப் பணமா?

நிறுத்திவைத்த உதவியை மறுபடி தருவதாக ஒரு வெளிநாட்டு அரசு அறிவிக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சிறு அறக்கட்டளை அதற்கே திரும்பலாமா, சேலத்திலேயே பணம் திரட்டலாமா? சேலத்துப் பணம்தான் நல்லது.

வெளிநாட்டு மானியத்தில் தொகை பெரிது. வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு, டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு, 20 சதவீதத்துக்குள் நிர்வாகச் செலவு, டிசம்பர் 31க்குள் ஆண்டறிக்கை எல்லாம் பழகிவிடும்.

பழகாதது பணம் நின்றுபோகும் இடைவெளிதான். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் என்று சொல்லித்தான் நிறுத்தியது. உயிர்காக்கும் பணிகளுக்குச் சில நாளில் விலக்கு வந்தும், பல இடங்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை; மார்ச்சில் அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்ததாக அறிவித்தார்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் ஜப்பான் நிறுத்திய புதிய யென் கடன்களுக்கு 2001 அக்டோபரில்தான் வழி திறந்தது.

பத்து மாலை வகுப்புகள், ஆசிரியைக்கு மாதம் 5,000 என்றால் இப்படி ஓர் ஆறு மாத இடைவெளியைத் தாண்ட 3 லட்சம் வேண்டும். மானியத்தில் இதை ஒதுக்கிவைக்கப் பெரும்பாலும் செலவுத் தலைப்பே இருக்காது. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் வகுப்பு நின்றால் பிள்ளைகள் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போவார்கள். ஆசிரியை மலையிறங்கி ஜவுளிக்கடை வேலையில் சேர்ந்துவிடுவார். பணம் திரும்பினாலும் அவர் திரும்பமாட்டார்.

உள்ளூர் வருமானத்தில் 15 சதவீதத்தைச் சேர்த்துவைக்க வருமானவரிச் சட்டமே இடம் தருகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் திரண்டால் இரண்டே ஆண்டில் அந்த 3 லட்சம் கையில் இருக்கும். சேகோ ஆலைக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகள், தோட்ட உரிமையாளர்கள் என்று முப்பது பேரைப் பிடித்துவைத்தால் ஒருவர் விலகினாலும் தாங்கும். சிக்கல் வருவது ரசீதில்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை (80ஜி) கிடையாது. பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகையே என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு தேவை. நிதியாண்டு முடியும் மார்ச் நெருக்கத்தில் அவை தள்ளிவிடும் தொகையைச் சம்பளத்துக்கு நம்பக் கூடாது.

மாதம் பல லட்சம் செலவாகும் மருத்துவப் பணிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மற்றவர்கள், திரும்பி வரும் மானியத்தைச் சோலார் விளக்கு, தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற ஒருமுறைச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.